உத்தரத்துச் சத்தம்

அருப்புக்கோட்டை,
ஆவணி 27, புதன்கிழமை, 1973

பம்பாயில் இருக்கும் என் வீட்டுக்காரர் அவர்களுக்கு, சங்கரம்மாள் வணங்கி எழுதுவது.

நேற்றுக் காலை நம் ஓட்டலுக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், கொழுந்தனார் லிங்கம், கோடாங்கி மொக்கையன், நம்மிடம் மாவாட்டிய மாயக்காளின் மகள் மாரிக்கனி, அவள் புருஷன் ஆண்டிச்சாமி. வாசலில் நின்று எட்டிப் பார்த்தவர்களை நான் சேர்க்கவில்லை.

அம்மன் புண்ணியத்தில் பிள்ளைகள் இருவரும் சுகம். சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது. மழைதான் இல்லை.

நீங்கள் போனதிலிருந்து எட்டு மாதமாக ஓட்டல் பூட்டியே கிடக்கிறது. உள்ளே ஆட்டுரல் சுற்றுகிறது, மத்தியானத்தில் தோசை வாசம் வருகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. டம்ளர் சத்தம் கேட்டதாகப் பரளச்சி பஸ் டிரைவர் சத்தியம் செய்கிறாராம். வாடகைக்குக் கேட்ட ஒருவரும் மாயக்காளின் ஆவியைக் கட்டிவிட்டுச் சாவி கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் கொழுந்தனார் கோடாங்கியைக் கூட்டி வந்தார்.

மாயக்காளை எலுமிச்சம்பழத்தில் இறக்கி, கண்மாய்க்கரைப் புளியமரத்தில் ஆணி அடித்துவிடுவதாக மொக்கையன் சொன்னான். அதற்கு அவள் உடுத்திய சேலை ஒன்று வேண்டும். மாரிக்கனி கொண்டுவந்திருந்தாள். ஆனால் கொடுக்கவில்லை. "எங்காத்தா இருவது வருசம் இந்த ஆட்டுரல்லயே கட்டிக் கெடந்தா. செத்த பெறகு மரத்துல வேற கட்டணுமாக்கும்?" என்றாள். கொழுந்தனார் சத்தம் போட்டார். ஆண்டிச்சாமி அவரை விட்டுவிட்டுக் கோடாங்கியைப் பிடித்துக்கொண்டான். "ஏலே மொக்கையா, போன மாசம் எங்க ஆட்டுக்கு மந்திரிச்ச. மறுநாளே செத்துப்போச்சு. நீயெல்லாம் பேயக் கட்டப் போறியாக்கும்" என்றான். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உட்கார இடம் தேடினேன்.

அப்போதுதான் சொன்னேன். உங்களிடம் சொல்லாததை அவர்களிடம் சொன்னேன்.

நம் கட்டிடம் முன்பு பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்ததும், சமையற்கட்டு உத்தரத்தில் ஒரு வியாபாரி தூக்குப் போட்டுக்கொண்டார் என்பதும் ஊரறிந்த கதை. கிட்டங்கி நிஜம். தூக்கு நிஜமில்லை. வேலையாட்கள் பாலைக் குடித்துவிடாமல் இருக்க மாமனாரே கட்டிவிட்ட கதை அது. சாகுமுன் என்னிடம் மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அது தெரிந்தும், போன வருஷம் உத்தரம் முனங்கத் தொடங்கியபோது நான் பயந்துவிட்டேன். நீங்கள் ஆசாரியைக் கூப்பிட வேண்டும் என்றீர்கள். நாற்பத்தெட்டு நாள் விளக்குப் போடுகிறேன், அதுவரை கை வைக்காதீர்கள் என்று தடுத்தேன். என் பேச்சைக் கேட்டீர்கள். இது உங்களுக்குத் தெரியும்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. மாயக்காள் அந்த உத்தரத்துக்குக் கீழே உட்காரப் பயந்தாள். உரலை வெளியே நகர்த்திப் போடச் சொல்லிக் கெஞ்சினாள். "வெளக்குப் போட்டாச்சு, பேசாம உக்காருடி" என்று அதட்டி உட்கார வைத்தவள் நான். அது முப்பத்தொன்பதாம் நாள். அவள் பாதி மாவுகூட ஆட்டி முடிக்கவில்லை, உத்தரம் அவள் மேல் விழுந்துவிட்டது.

மாரிக்கனி என்னைத் திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. "மொதலாளிகிட்ட இதச் சொன்னீகளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அவுக தன்னாலதான்னு ஊரவிட்டே போயிட்டாக. எட்டு மாசமா வாய மூடிக்கிட்டா இருந்தீக?" என்று சொல்லிவிட்டுச் சேலையோடு போய்விட்டாள். ஆணி அடிக்கவில்லை. கோடாங்கியும் உடுக்கையை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

நான் கும்பிட்டதில் குறை இருந்ததா, கும்பிட்டதே குறையா என்று யோசித்து யோசித்துச் சோர்ந்துபோனேன். இப்போது கோயிலுக்குப் போனாலும் கண்ணை மூட முடியவில்லை.

வீட்டுக்கு வாருங்கள். தலை குனிய வேண்டியது நீங்கள் இல்லை. என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் நரிக்குடியில் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுகிறேன், பிள்ளைகளோடு நீங்கள் இருங்கள். எதுவானாலும் உங்கள் கையால் எழுதி ஒரு கார்டு போடுங்கள். சீக்கிரம் பதில் வேண்டும்.

இப்படிக்கு,
சங்கரம்மாள்