பழுப்பு ஏறாத சதை

பென்ச்சே, 4 மார்ச் 2012

அன்பு மகள் தூயெனுக்கு,

போனில் பேசினால் உங்கம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து காது கொடுக்கிறாள். அதனால்தான் வாழைப்பழ வற்றலோடு இதையும் சைகோன் பஸ்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சிகரெட் ஊதியவன் நான், நுரையீரலில் புற்று அவளுக்கு. "எந்த வேலையையும் இந்த மனுஷன் தானா செய்யமாட்டாரு, இதையும் என் தலையில கட்டிட்டாரு" என்று பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிக்கிறாள். சிரித்தால் இருமல்.

ஊசியில் எடுத்த சதை உன் பரிசோதனைக்கூடத்துக்கே வந்துவிட்டதாமே. சதைமேல் எதிர்ப்பொருள் மருந்தை விட்டதும் பழுப்பு ஏறினால் புற்றின் மரபணுவில் ஒரு கோளாறு இருக்கிறது, அதற்கு மாத்திரை கேட்கும் என்றாய். படகு எஞ்சின் மெக்கானிக் மூளைக்கு அவ்வளவுதான் ஏறியது. பெண்டாட்டிக்குக் கோளாறு இருக்கணும் என்று வேண்டிக்கொள்கிற புருஷன் நான் ஒருத்தன்தான்.

அப்பா

சைகோன், 9 மார்ச்

அன்புள்ள அப்பா,

பழுப்பு ஏறவில்லை. இந்தச் சோதனை அடிக்கடி வரும் இரண்டு கோளாறுகளைத்தான் காட்டும். வேறு ஏதாவது இருந்தால் மரபணுச் சோதனையில் தெரியும். மீதிச் சதையை அதற்கு அனுப்பவேண்டும்.

தூயென்

பென்ச்சே, 11 மார்ச்

கண்ணு,

எஞ்சினே முதல் இழுப்பில் கிளம்பாது. அனுப்புவதற்கு முன் இன்னொரு தரம் பார்.

அப்பா

சைகோன், 17 மார்ச்

அப்பா,

பார்த்தேன். ஓரத்தில் லேசாக ஏதோ நிறம் தெரிகிற மாதிரி இருந்தது. சதையைப் பதித்துவைத்த மெழுகுக்கட்டியை இன்னும் சீவினேன், மறுபடியும் சீவினேன். கடைசியில் வெறும் மெழுகுதான் வந்தது. அனுப்பச் சதை இல்லை. வேறு யாரோட அம்மாவாக இருந்தாலும் முதல் தடவையோடு நிறுத்தியிருப்பேன். இன்னொரு ஊசியை அம்மாவின் மூச்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவிடம் என்ன சொல்வேன்?

தூயென்

பென்ச்சே, 20 மார்ச்

தூயென்,

நிறம் ஏறவில்லை என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். சதை தீர்ந்ததைச் சொல்லவில்லை. "பாவம், புள்ள என்ன பண்ணும்? மனசுல வெச்சுக்க வேணாம்னு எழுதுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

என் பங்குக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இன்னொரு தரம் பார் என்றவன் நான். உன்னைத் திட்டினால் பாதி எனக்கு வரும், திட்டாமல் இருக்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் வா. வாசலில் வந்து அழுதால் அவளுக்கு விளங்கிவிடும். பஸ் ஸ்டாண்டுக்கு நானும் வருகிறேன். அங்கேயே இரண்டு பேரும் அழுது முடித்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அப்பா