பி.எஸ்ஸி.க்கு அடியில் இருந்த தகடு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே அனல் காற்று. பரங்கிப்பேட்டையில் ஏறும்போதே பஸ்ஸில் ஜன்னலோர இடம். செம்மங்குப்பத்தில் கெமிக்கல் கம்பெனி நாற்றம் வந்ததும் வழக்கம்போல் எல்லாரும் ஜன்னலை இறக்கினார்கள், நானும்.

கடலூர் முதுநகர் கடையில் இது நான்காவது மாதம். படகு என்ஜின் சர்வீஸ். எனக்கு பில், ஸ்டாக், வாரண்டி படிவம். இன்றும் சத்தமாக ஒரு வார்த்தை பேசவில்லை. மெக்கானிக் திரும்பிப் பார்த்து, "ஏம்மா, இருக்கியா, வூட்டுக்குப் போயிட்டியா?" சிரித்தேன். அதுதான் என் பதில்.

என்ஜின் மாட்டும் பின்பலகை வெடித்த ஃபைபர் படகு ஒன்றின் போட்டோ வந்தது. மெக்கானிக் போனில் கத்தல்: "பதினஞ்சு மாட்ற எடத்துல நாப்பது மாட்னா பலகை இன்னாய்யா பண்ணும்? அழுவும்."

வாங்க வேண்டியது: அண்ணிக்கு இரும்புச்சத்து மாத்திரை (ஆறாம் மாதம்), ஹேர்பின், எலுமிச்சை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் வாசலிலேயே நிற்கிறான், முகம் முழுக்கச் சிரிப்பு. அண்ணனோடு கடலுக்குப் போகும் சிநேகிதர் பஷீர் அண்ணன் துபாய் போகிறார், அவருடைய 25 குதிரைத்திறன் என்ஜின் நம் படகுக்கு வருகிறது. ஞாயிறு ஓட்டிப் பார்க்கிறார்கள். "நம்ம பதினஞ்ச வச்சிகினு நான் கரைக்கு வரதுக்குள்ள ஏலமே முடிஞ்சிடுது பாப்பா. மொதல்ல வரவன் மீனுதான் மீனு."

சந்தோஷமாக இருந்தது. அந்தப் போட்டோ ஞாபகம் வரும்வரை.

ஜூன் 4, புதன்

பஷீர் அண்ணன் என்ஜினை அண்ணன் பெயருக்கு மாற்றும் படிவத்தை நானே நிரப்பினேன். ஒரு கட்டம் காலி: படகு தாங்கும் அதிகபட்சக் குதிரைத்திறன். படகில் அதைப் பொறித்த தகடு இருக்குமே என்று அண்ணனிடம் போனில் கேட்டேன். "தகடா? நம்ம போட்ல அப்டி ஒண்ணும் கெடயாதே."

சாயங்காலம் ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். அவன் சொன்னது சரிதான், தகடு இல்லை. பின்னால், என்ஜினுக்குப் பக்கத்தில், நீலத்தில் மஞ்சள் எழுத்து மட்டும்: சுகன்யா பி.எஸ்ஸி.

என் ரிசல்ட் வந்த வாரம் அவனே எழுதியது. எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பத்தாவது தாண்டியவர் இல்லை. இடம் போதாமல் கடைசி எழுத்து வளைந்து கீழே இறங்கும். எழுதி முடித்த பிறகு வெட்கத்தில் ஒரு மாதம் ஆற்றங்கரைப் பக்கமே போகவில்லை. சிதம்பரத்தில் கூடப் படித்தவள் ஒருத்தி போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிட்டாள்.

'பி.எஸ்ஸி.' மேல் விரலை ஓட்டினேன். நான்கு மேடு. ரிவெட் ஆணிகள். ஹேர்பின்னால் ஓரமாகச் சுரண்டினேன். அலுமினியம். இன்னும் கொஞ்சம். 15 HP. அதன் கீழே, 5 ஆட்கள்.

தகட்டின் மேலேயே என் பட்டத்தை எழுதியிருக்கிறான். அன்று பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்.

ஜூன் 5, வியாழன்

சொல்லவில்லை.

பஸ்ஸில் ஒத்திகை பார்த்தேன். 'அண்ணா, இந்தப் படகுக்குப் பதினைந்துதான்.' ஆலப்பாக்கம் வரை சரியாக வந்தது. வீட்டுக்குள் வரவில்லை. சொன்னால் அந்த எழுத்தைச் சுரண்ட வேண்டும். அதைச் சுரண்டு என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

மதியம் என்ஜின் புத்தகம் படித்தேன், இங்கிலீஷ், மெதுவாக. கைப்பிடியால் திருப்பும் படகில் எல்லா எடையும் பின்னால்: என்ஜின், பெட்ரோல் டேங்க், ஓட்டுகிற ஆள். என்ஜின் பெரிதானால் பின்பக்கம் இன்னும் தாழும், முன்பக்கம் எழும்பி எதிரே இருப்பதை மறைக்கும். கைப்பிடி கையை விட்டுப் போனால் படகு தானாக வட்டம் போட்டு, விழுந்தவன் மேலேயே திரும்பி வரும். அதற்குத்தான் அந்தச் சிவப்புக் கயிறு, பழைய போன் ஒயர் மாதிரி சுருள் சுருளாக. ஒரு முனை என்ஜினில், மறுமுனை ஓட்டுகிறவன் உடம்பில். ஆள் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொள்ளும், என்ஜின் நிற்கும்.

சாப்பிடும்போது கயிற்றை மட்டும் சொன்னேன். அது சுலபமாக இருந்தது.

அண்ணன்: "கையில கயிறா? காப்பு கட்னவன் ஊர் எல்லையத் தாண்டக் கூடாது, தெரியும்ல? அப்புறம் நான் எப்டி கடலுக்குப் போறது?"

அண்ணி: "காப்பு கட்னா கறி மீன் கூடாது. அதயும் சேத்துச் சொல்லு."

"அப்ப கட்டவே மாட்டேன்."

எல்லாரும் சிரித்தோம். அவனுடைய கயிறு என்ஜினிலேயே சுற்றிக் கிடக்கிறது, வாங்கிய நாள் முதல்.

ஜூன் 7, சனி

பக்ரீத். பஷீர் அண்ணன் வீட்டிலிருந்து ஒரு குண்டான் பிரியாணி. அண்ணி இரண்டு முறை வாங்கிக்கொண்டாள். அண்ணன் பழைய என்ஜினைக் கழற்றி, சாக்கு போர்த்தி, புறக்கடையில் வைத்தான். அதைத் தட்டிக்கொடுத்தான், மாட்டைத் தட்டுவதுபோல்.

சொல்லவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நாலு மணிக்கு வெள்ளாற்றில். அண்ணன், பஷீர் அண்ணன், நான். "நீ முன்னாடி உக்காரு பாப்பா. மூக்கு தூக்காம இருக்க வெயிட் வேணும்."

பஷீர் அண்ணன்: "மச்சான், இந்தப் புள்ளய வச்சு வெயிட்டா? ஒரு ஐஸ் பொட்டி வச்சாலும் புண்ணியம்."

கிளப்பினான். பறந்தது. அண்ணன் எழுந்து நின்று, கைப்பிடியை ஒரு கையில் பிடித்து, சின்னப் பிள்ளைபோல் கூவினான். அவ்வளவு சந்தோஷமாக அவனைப் பார்த்ததில்லை. பிறகு முன்பக்கம் எழும்பியது. அவனுக்கு என் தலையும் வானமும்தான் தெரிந்திருக்கும். நான் எட்டிப் பார்த்தேன். நேர் எதிரே நண்டு வலை போடும் ஒரு பெரியவர், சின்ன தோணியில், முதுகைக் காட்டி.

"அண்ணா! ஆளு!"

அது என் குரல் என்று எனக்கே தெரியவில்லை. வெட்டித் திருப்பினான். தோணி தப்பியது. படகு சாய்ந்த வேகத்தில் கைப்பிடி அவன் கையை உதறியது. அண்ணன் தண்ணீரில்.

படகு நிற்கவில்லை. வட்டம் போட்டது. புத்தகத்தில் இருந்தது இருந்தபடி. ஒரு சுற்றில் அவன் தலைக்குப் பக்கத்தில் போனது, அடுத்த சுற்றில் இன்னும் பக்கத்தில். பஷீர் அண்ணன் கைப்பிடியைப் பிடிக்கப் பார்க்கிறார், அது அவரையும் தட்டிவிடுகிறது.

"கைப்பிடி வேணாம்ணா! கயிறு! செவப்புக் கயிறப் புடுங்கு!"

பிடுங்கினார். நின்றது. பின்னால் வந்த எங்கள் அலையே பின்பலகை மேல் ஏறி உள்ளே கொட்டியது, முழங்கால் வரை. தண்ணீர் இறைத்துக்கொண்டே அண்ணனை ஏற்றினோம். முட்டியில் சிராய்ப்பு. வேறொன்றும் இல்லை. வேறொன்றும் இல்லை.

நண்டு வலைக்காரர் வேட்டியைப் பிழிந்துகொண்டே, "யார் பெத்த புள்ளடா நீ? இந்தப் பொண்ணு காது கேக்குற மாரி கத்துச்சு பாரு, அதுக்குக் கும்புடு போடு."

வரும் வழியில் அண்ணன், "அண்ணிகிட்ட சொல்லாத" என்று மட்டும். ஈர லுங்கியைப் பார்த்ததும் அண்ணிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

ஜூன் 9, திங்கள்

லீவு போட்டேன், முதல் லீவு. விடிந்ததும் அண்ணனைக் கையைப் பிடித்துப் படகுக்குக் கூட்டிப்போனேன். ஹேர்பின்னால் சுரண்டிய இடத்தைக் காட்டினேன். புதன்கிழமையே தெரியும் என்றும் சொன்னேன். அதைச் சொல்வதுதான் கஷ்டம்.

15 HP மேல் கட்டைவிரலை வைத்துத் தடவிப் பார்த்தான்.

"புதன்கெழமயே தெரியுமா?"

"ம்."

"ஏன் சொல்லல?"

"நீ எழுதுனது. அழிக்கச் சொல்ல மனசு வரல."

"லூசு" என்றான். கண் கலங்கியிருந்தது, காற்றினால் என்று வைத்துக்கொள்ளலாம். உப்புத்தாள் எடுத்து வந்தான். 'பி'யை அவன் தேய்த்தான். மீதியை நான். வளைந்து இறங்கிய கடைசி எழுத்து மட்டும் லேசில் போகவில்லை, நல்ல பெயின்ட்.

பஷீர் அண்ணன் தன் என்ஜினைத் திருப்பி எடுக்க வந்தார். ஒரு வார்த்தை கோபமில்லை. படகின் பின்னால் போய் நின்று வாய்விட்டுப் படித்தார்: "சுகன்யா, பதினஞ்சு HP. மச்சான், தங்கச்சிக்கு டிகிரி போயி குதிர வந்துடுச்சுடா!"

நேற்றுக்குப் பிறகு அண்ணன் சிரித்தது அப்போதுதான்.

ஜூன் 11, புதன்

காற்று இல்லை. நல்ல கடல். பழைய என்ஜின் மறுபடி பின்பலகையில். அண்ணன் தனியாகக் கிளம்பினான். ஏலத்துக்குப் பிந்துவான்தான். கயிற்றைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் காப்பு கதை வரும்.

கொஞ்ச தூரம் போனதும் வேகத்தைக் குறைத்து, உட்கார்ந்தபடியே என் பக்கம் திரும்பி, பனியனைத் தூக்கிக் காட்டினான். அரைஞாண் கயிற்றில் கொக்கி போட்டு மாட்டியிருந்தது, சிவப்பு.