பெட்ரோல் பற்றி நான் எழுதியது தவறு

வில்லோ பெண்ட், வயோமிங்
மார்ச் 11, திங்கள்

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு அப்பா எழுதுவது. அம்மா பக்கத்து அறையில் கையைத் தலையணை மேல் வைத்துத் தூங்குகிறாள், நானும் நடமாட்டமாக இருக்கிறேன், கடலோரக் குளிரில் நீயும் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். அம்மாவுக்கு ஆபத்து எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன், ஏனென்றால் மற்றதை எந்த வரிசையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

போன மாதக் கடிதத்தில் பெட்ரோல் சோதனை முடிந்துவிட்டது என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன் அல்லவா, அதைத் தயவுசெய்து மறந்துவிடு. முடிவு தவறு. உன் காருக்குப் பிரீமியம்தான் போட வேண்டும் என்று அடிக்கோடிட்டிருந்தேன், அதுவும் வேண்டாம், வண்டியின் கையேட்டில் பெட்ரோலின் தர எண் 87 ஆக்டேன் என்று போட்டிருந்தால் 87 போதும். நான் சோதனை செய்த விதத்தில் பிழை இல்லை என்றுதான் இன்னும் நினைக்கிறேன், ஆனால் என் நினைப்பை எவ்வளவு நம்பலாம் என்பதே இப்போது சந்தேகமாக இருக்கிறது. உனக்குத் தெரியும், அம்மாவை டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள், செவ்வாய் வியாழன் சனி, நாற்பது மைல் தள்ளி அழைத்துப் போகிறேன். நடுவில் அந்த நீண்ட மேடு. போன வசந்தத்தில் மேடு ஏறும்போது எஞ்சினில் தட்டும் சத்தம் கேட்டது, தகர டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது போல. நம்மூர் கடல் மட்டத்திலிருந்து மிக உயரம் என்று 85 விற்கிறார்கள், பிறகு 88, பிறகு 91, அதுதான் பிரீமியம். வழியிலுள்ள மூன்று பங்க்கிலும் அந்த மூன்று வகையையும் மாற்றி மாற்றி நிரப்பி, ஒவ்வொரு முறையும் அதே மேட்டில், அதே ஐம்பத்தைந்து மைல் வேகத்தில், கண்ணாடியைக் கையகலம் இறக்கிவிட்டுக் கேட்டேன். சாலை இலாகாவின் மண் சோதனைக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவனுக்கு வேறு எப்படிச் செய்யத் தெரியும். லாரி எடைமேடைக்குப் பக்கத்திலுள்ள பங்க்கில் 91 போட்டால் சத்தம் குறைகிறது என்று டிசம்பரில் எழுதிவைத்தேன். ஜனவரியில் எனக்கு அந்தப் பொல்லாத காய்ச்சல் வந்து பத்து நாள் படுத்தேன், அம்மாவை அக்கம்பக்கத்தார் முறைபோட்டு அழைத்துப் போனார்கள். எழுந்து ஓட்டியபோது நெடுஞ்சாலைத் திருப்பத்திலுள்ள மூன்றாவது பங்க்கின் 91-ஐ நிரப்பியிருந்தேன், ஒரு சத்தமும் இல்லை. அடுத்த முறையும் இல்லை. அதைத்தான் உனக்கு அவ்வளவு பெருமையாக எழுதினேன்.

முந்தாநாள் சனிக்கிழமை, திரும்பி வரும் வழியில் மேடு ஏறிக்கொண்டிருந்தோம். எஞ்சின் பட்டுப் போல் போகிறது என்று மனத்துக்குள் மெச்சிக்கொண்டு, கொஞ்சம் சிரித்துக்கொண்டுகூட இருந்தேன். திடீரென்று அம்மா தன் காலணியைக் கழற்றி என் முழங்காலில் அடித்தாள். திரும்பிப் பார்த்தால் அவள் சட்டைக்கை முழங்கை வரை ரத்தம். ஊசி குத்தின இடம் திறந்துகொண்டுவிட்டது, காலணியைப் போட்டுவிட்டு மறுபடியும் மற்றொரு கையால் அழுத்திக்கொண்டிருந்தாள், ஆனால் விரலில் பலம் இல்லை. ஓரமாக நிறுத்தி, நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி துணியை மடித்து நான் அழுத்தினேன், கடிகாரம் பார்த்து இருபத்தைந்து நிமிடம். நின்றது. ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய்க் காட்டினோம், கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அம்மா அழவே இல்லை. அப்போதுதான் அவள் கேட்டாள், “எத்தனை தடவை கூப்பிட்டேன் எல்வுட், எஞ்சின் அந்தத் தட்டு தட்டுது, அதுல நான் கத்துறது கேக்கலையா?” என்று. நான் எந்தச் சத்தம் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை உனக்கு எப்படி எழுதுவேன். “நிஜமாத்தான் கேக்குறியா? இந்தக் கார் ஒரு நாள்கூடத் தட்டாம இருந்ததில்லையே,” என்றாள். பிறகு ஏன் சொல்லவில்லை என்றேன். “நீதான் சத்தம் போச்சு போச்சுன்னு குழந்தை மாதிரி எழுதிக்கிட்டிருந்தியே, படிச்ச மனுஷன், ஏதோ வேற சத்தத்தைச் சொல்றியோன்னு நெனச்சேன்,” என்றாள்.

இன்று காலை அம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரை மெக்கானிக் மைத்தே எச்செவெரியிடம் கொண்டுபோனேன், பதினைந்து மைல் வேகத்தில். அவளுக்கு வாய் எப்போதும் நீளம். வாசலுக்குள் நுழையும்போதே, “வாங்க ப்ரொஃபசரே, இது காரா பாப்கார்ன் மெஷினா, தெருமுனையிலேயே கேட்டுச்சு,” என்றாள். உள்ளே கரி படிந்திருக்கிறதாம், எந்த பங்க்கின் எந்தப் பெட்ரோலை ஊற்றினாலும் சுத்தம் செய்யும்வரை தட்டத்தான் செய்யுமாம். ஒரு வருடச் சோதனை. நான் குறித்துவைத்தது பெட்ரோலை அல்ல, கிர்ஸ்டன், என் காது போய்க்கொண்டிருப்பதை.

ஒரு தரமாவது சரியாக அளந்து பார்த்துவிடுவோம் என்று மைத்தேயின் கொட்டகையிலேயே காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டு, அம்மாவைப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தேன். இருபது சொற்களை அவளாகவே எழுதி, வழக்கமான குரலில் வாசிக்கச் சொன்னேன். நான் முன்பக்கம் பார்த்தபடி காதில் விழுந்ததை எழுதினேன். பதினொன்று சரி. ஸ், ஃப் போலக் காற்றாக வரும் எழுத்துகள் என் காதில் விழுவதே இல்லை. விடுபட்ட ஒன்பதை அம்மா படித்துக் காட்டவில்லை, தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். நான் விடாமல் வாங்கிப் பார்த்தேன். ‘ஸ்டாப்’ என்பதை மூன்று முறை எழுதியிருந்தாள். மூன்றும் எனக்கு விழவில்லை. மைத்தே பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் கேலி செய்வாள் என்று பயந்தேன், செய்யவில்லை. கையை நீட்டி, “சாவியக் குடுங்க. ரெண்டாவது சாவியும் வீட்டுல இருக்குல்ல, அதையும்,” என்று மட்டும் சொன்னாள். அவளே எங்களை வீட்டில் கொண்டுவந்து விட்டபோது இரண்டாவதையும் கொடுத்துவிட்டேன். நாளைக்குக் கடையை மூடிவிட்டு அவளே அம்மாவை அழைத்துப் போகிறாள், இந்த வியாழன் தொடங்கிச் செவ்வாய், வியாழன் இரண்டு நாளுக்கும் மாவட்ட வேன் வரும். சனிக்கிழமைக்கு இன்னும் யாரும் கிடைக்கவில்லை. ஒரு நாள் தவறினால் அம்மாவுக்கு என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். வேலையை விட்டுவிட்டு வா என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை, வராதே என்று எழுதவும் இல்லை. காது மருத்துவரிடம் இருபத்திரண்டாம் தேதிதான் நேரம் கிடைத்தது. ஒரு வருடமாக அந்தச் சாலையில் எதையெல்லாம் கேட்காமல் ஓட்டினேன் என்று யோசிக்க ஆரம்பித்தால் உட்கார முடியவில்லை.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். இனிமேல் பெரிய விஷயம் எதுவானாலும் நீயும் எழுதியே அனுப்பு மகளே, அல்லது உன் தாயிடம் பேசு. இவ்வளவு நாள் சொல்லவில்லை என்று அவளிடம் கோபப்படாதே, அவள் மேல் தவறில்லை. பனி உருகும் நேரம், டயரில் காற்றைப் பார்த்துக்கொள், இரண்டு வேளையாவது சூடாகச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக, எங்கள் ஆசி என்றும் உன்னோடு இருக்கும்.

இன்னும் ஒன்று. இரண்டு வாரத்துக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை போனில் நீ ஏதோ சொல்லிவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தாய். நான் நல்லது, ரொம்ப நல்லது என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடவில்லை. எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை, கண்ணே. என்ன சொன்னாய் என்று எழுது.

உன் அப்பா,
எல்வுட் ரஸ்முசன்