குதிகாலால் மிதிப்பது

மாண்புமிகு பள்ளித் தாளாளர் அவர்களுக்கு,

நான் இருக்கிறேனா செத்தேனா என்று மூன்று வருடமாகக் கேட்காதவர், ஆண்டுவிழாவில் பேச 'இன்கல்கேட்' என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். பெண்டாட்டி இங்கிலீஷ் டீச்சராக இருப்பதில் இப்படியும் ஒரு சௌகரியம்.

விடாமல் அழுத்தி ஒரு குணத்தை இன்னொருவர் மனதில் பதிய வைப்பது. "என் மகனுக்குள் ஒழுக்கத்தை இன்கல்கேட் செய்தேன்" என்று தாராளமாகப் பேசலாம். லத்தீனில் அதற்குக் குதிகாலால் மிதிப்பது என்று அர்த்தம். நடவுக்கு முன்னால் மருதையன் நம் வயலில் தழையைச் சேற்றுக்குள் மிதிப்பாரே, அதேதான். உங்களுக்கு எங்கே தெரியப்போகிறது? நீங்கள் வரப்பில் செருப்போடு நின்றவர்.

மிதித்துவிட்டுக் கரையேறும் அவருக்கு மோர் கொடுக்க, கொல்லையில் நசுங்கிய டம்ளர் ஒன்றைத் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தீர்கள். மகனுக்கு நீங்கள் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவன் பார்த்தான், அவ்வளவுதான்.

முந்தாநாள் மருதையனின் மகள் சுடர்விழி கும்பகோணத்துக்கு, என் வீட்டுக்கு வந்தாள். நான் வேலை பார்க்கும் பள்ளியில் இப்போது அவள்தான் கணக்கு டீச்சர். அவள் காபி குடித்துவிட்டுப் போனதும், என்னோடு இருக்கும் இன்ஜினியரான உங்கள் மகன் அவள் குடித்த டம்ளரை இரண்டு விரலால் தூக்கிப்போய்க் கொல்லையில் கவிழ்த்தான்.

மேடையில் இந்த உதாரணத்தையே சொல்லுங்கள். இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்த டம்ளரை உள்ளே எடுத்து வந்து, அவன் கண்ணெதிரே நானும் அதில் காபி குடித்தேன். மறுநாள் காலையில் அது திரும்பவும் கொல்லையில் இருந்தது. பக்கத்தில் என் சாப்பாட்டுத் தட்டு.

இப்படிக்கு,
அவனைப் பெற்றவள்