துவைக்கக் கூடாத மெத்தை

அன்பு மகளுக்கு அப்பா சொல்லச் சொல்ல அம்மா எழுதுவது. என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாம் சுகம். நீயும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம். போனில் பேசினால் நீ வேலைக்கு நேரமாச்சுப்பா என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். கண்ணு, நாங்கள் ஜெயித்துவிட்டோம். பல் டாக்டரம்மா இன்று காலை ஊர் திரும்பிவிட்டார், அடுத்த முறையும் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டார். நடுவில் நடந்ததைக் கேள்.

நாய் பார்த்துக்கொள்ளும் வேலையில் அங்கே வெளிநாட்டில் நல்ல பேர் எடுத்திருக்கிற நீ, நீங்க ஊருக்குப் போங்க, எங்க அப்பா அம்மா உங்க வீட்டுலயே தங்கி நாயைப் பார்த்துப்பாங்க என்று டாக்டரம்மாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டாய். அந்த வாக்குதான் எனக்குப் பயம். நீ சொன்ன எதையும் நான் மறக்கவில்லை. அவர்கள் கட்டிலில் படுக்கவில்லை, விருந்தாளி அறையில்தான் படுத்தோம். சாத்திய கதவைத் தொடவில்லை. எடுத்த டம்ளரை எடுத்த இடத்திலேயே வைத்தேன். ஆனால் உன் அம்மா சும்மா இருப்பாளா? நான் நாயை நடத்திக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் சமையலறை டப்பாக்களையெல்லாம் இறக்கித் துடைத்து, உயர வாரியாக அடுக்கிவிட்டாள். அதுகூடப் பரவாயில்லை. நாய் படுக்கிற மெத்தை நாறுகிறது என்று சோப்புத்தூள் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப் போட்டுவிட்டாள். இதை எழுத மாட்டேன் என்று இப்போது பேனாவைக் கீழே வைத்தாள், கெஞ்சி எடுக்க வைத்தேன்.

அன்று மாலை தடியன் (நாய்க்கு நான் வைத்த பேர்) காய்ந்த மெத்தையை மோந்து பார்த்துவிட்டு வாசல் கதவோரம் போய்ப் படுத்தவன்தான். கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாளும் அப்படியே. டாக்டரம்மாவின் வாசனை அந்த மெத்தையில்தான் இருந்திருக்கிறது, அதைச் சோப்பு தின்றுவிட்டது. உன் அம்மா முகம் சுண்டிப்போனது. அவங்ககிட்ட சொல்லாதீங்க, பிள்ளை பேரு கெட்டுடும் என்றாள். மறைச்சாத்தான்டி கெடும், தப்பு நடந்தா நாமளே முதல்ல சொல்லணும்னு அவ சொன்னாளே என்று போன் போட்டுவிட்டேன். டாக்டரம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, அழுக்குக் கூடையில என் ஸ்வெட்டர் இருக்கு, ரூமைத் திறந்து எடுத்துக்குங்க ஐயா என்றார். சொன்ன பிறகுதான் திறந்தேன். கூடையைத் தவிர வேறெங்கும் கண்ணை ஓட்டவில்லை, எடுத்துக்கொண்டு சாத்திவிட்டேன். மெத்தைமேல் விரித்ததும் தடியன் அதில் மூக்கைப் புதைத்துப் பெருமூச்சு விட்டான் பார், மனுஷன் தோற்றான். பிறகு கிண்ணத்தை நக்கியே பளபளப்பாக்கினான். உன் அம்மா அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். டப்பாக்களை நான் பழையபடி வைத்தேன். எனக்குப் படிக்கத் தெரியாதே தவிர எது எங்கே இருந்தது என்று கண்ணுக்குள் நிற்கும்.

டாக்டரம்மா வந்ததும், எல்லாத்தையும் மறைக்காம சொன்னீங்க பாருங்க, அதான் வேணும், ஆனா அம்மா கையில சோப்பு மட்டும் குடுத்துடாதீங்க என்று சிரித்தார். உன் அம்மாவும் சிரித்தாள்.

பனியில் தலையைக் காட்டாதே. போகிற வீட்டில் நாயை நம்பி வெறுங்காலோடு நிற்காதே. இருவரும் நூறு வயது நன்றாக இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மறந்துவிட்டேன். ஊரையே துவைக்கிற உன் அம்மா, நீ விட்டுப்போன நீல ஸ்வெட்டரை மட்டும் இன்னும் துவைக்கவில்லை, பீரோவில் அவள் புடவைக்கடியில் இருக்கிறது. இதை எழுது என்று சொல்லிவிட்டேன், தலையைக் குனிந்துகொண்டு ஏதோ எழுதுகிறாள். எழுதினாளா இல்லையா என்று நீதான் போனில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
கட்டைவிரல் மையோடு,
உன் அப்பா

எழுதிவிட்டேன். அம்மா.