மைமூன் அக்காவின் வாத்துகள் முட்டையிட்டுக்கொண்டுதான் இருந்தன

என் மைமூனக்காவுக்கு,

வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருடம் ஆகிறது. அண்ணனைக் கட்டிக்கொண்டு நீ வந்தாய், தம்பியைக் கட்டிக்கொண்டு நான் வந்தேன். பதினைந்து வருடம் ஒரே வீட்டில், ஒரே அடுப்பங்கரையில் முட்டிக்கொண்டோம். உயிரோடு இருந்தபோது உனக்கு ஒரு சீட்டுக்கூட நான் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன், அதுவும் ஊரே படிக்கும்படி. காரணம் இருக்கிறது, பொறு.

முதலில் நல்ல செய்தி. உன் வாத்துகள் ஏழும் சௌக்கியம். றெக்கையில் எண்ணெய் தடவிய மாதிரி ஒரு மினுமினுப்பு. கண்ணில் பீளை இல்லை, மூக்கில் ஒழுகல் இல்லை. காலை வைக்கோல் மாற்றி, கோவளம் கரையில் பொறுக்கிய கிளிஞ்சலை இடித்துத் தவிட்டில் கலந்துதான் வைக்கிறேன். தலை முழுகும் ஆழத்துக்குத் தண்ணீர்த் தொட்டியும் வைத்திருக்கிறேன், கண்ணைக் கழுவிக்கொள்ள. முட்டை ஓடு ஒவ்வொன்றும் கல்லு. எல்லாம் நீ செய்ததைப் பார்த்துச் செய்வதுதான். நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாயா என்ன? கிட்டே போனாலே, "தள்ளி நில்லு ஜரீனா, உன் கை வேற கை"ன்னு துரத்துவாயே.

அந்த ஏழும் தினம் ஆறு முட்டையாவது போடுகின்றன. படிக்கும்போது உன் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும். போடாத வாத்து என்று நினைத்துக்கொண்டேதானே நீ போனாய்?

எப்படி ஆரம்பித்தது, ஞாபகம் இருக்கிறதா? அப்போது பதினோரு பெட்டை. தெருவில் யார் வாத்துக்குஞ்சு வாங்கினாலும் முதல் பிடி நொய் உன் கையால் போடவேண்டும் என்று கூப்பிடுவார்கள். கைராசிக்காரி என்று உனக்குப் பேர். நாஸ்தாவெல்லாம் முடித்து, பாத்திரம் கழுவி, எட்டரை ஒன்பதுக்கு மேல்தான் கூண்டைத் திறப்பாய். கூண்டுக்குள் எட்டு முட்டை, ஒன்பது முட்டை கிடக்கும்.

அப்புறம்தான் பக்கத்து வீட்டு ஹயாத் பாய் வந்தார். பள்ளிவாசலில் முதல் வரிசையில் நிற்கிற மனுஷர். போன கோடையில் ஒருநாள் விடிகாலை சுபுஹு தொழுதுவிட்டுத் திரும்பும்போது நம் வேலியண்டை நின்று சொன்னார்.

"இன்னாம்மா மைமூனு, விடிஞ்சும் அடைச்சே வெச்சிகினு கீறே? அதுங்களும் அல்லாவை நெனைக்கிற ஜீவன்தானே. நாம தொழுதுட்டு எழுந்தா அதுங்களுக்கும் கதவைத் தொறந்துவுட வாணாமா? பாவம்மா அது."

பாவம் என்று ஒரு வார்த்தை போதுமே உனக்கு! மறுநாளிலிருந்து தொழுத பாயைச் சுருட்டியதும் நேராகக் கூண்டுக்குத்தான் போனாய். ஐந்தரைக்கெல்லாம் பதினொன்றும் வெளியே. வேலியில் ஒரு சந்து, அதற்கு அந்தப் பக்கம் அவர் வீட்டுக் குட்டை. வரிசையாக அங்கே போய்விடும், பொழுது சாயத்தான் திரும்பும்.

பத்தே நாளில் முட்டை இரண்டாக இறங்கியது. சில நாள் ஒன்று. நீ பூண்டு தட்டிப் போட்டாய், மஞ்சள் கரைத்து வைத்தாய், கருவாட்டுத் தூள் கலந்தாய், கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாய். பறவைகள் என்னவோ நன்றாகத்தான் தின்றன, நன்றாகத்தான் நீந்தின. சீக்கு வாத்து அப்படியா தின்னும்? நாம் யாரும் அதைக் கேட்கவில்லை. ஹயாத் பாய்தான் தெரு முழுக்கச் சொன்னார்: "மைமூனு கையில பரக்கத் போயிடுச்சு. வாத்துக்கு உள்சீக்கு. வெச்சிகினு இருந்தா மத்தவங்க கோழிக்கும் ஒட்டிக்கும். அறுத்துடுங்க."

அதற்கப்புறம் குஞ்சுக்கு நொய் போட உன்னை யாருமே கூப்பிடவில்லை. எதிர்வீட்டில் பத்துக் குஞ்சு வந்து இறங்கிய அன்றைக்கு, நீ முக்காடு போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நின்றாய். கூப்பிடுவார்கள் என்று. கடைசியில் உள்ளே வந்து அரிசி களைய உட்கார்ந்தாய். அந்த முதுகை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

நான்கை அறுத்தோம். ஹயாத் பாய் வீட்டுக்கும் ஒரு சட்டி பிரியாணி போனது. நல்லா இருந்ததாகச் சொல்லி அனுப்பினார். பன்னிரண்டாம் நாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நீ சாய்ந்தாய். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்துக்கொண்டு, "மிச்சத்தையும் அறுத்துடாதீங்கடி" என்றாய். அதுதான் உன் கடைசி வார்த்தை.

மூன்றாம் நாள் முடிந்ததும் வாத்து என் தலையில் விழுந்தது. நான்தான் சோம்பேறியாச்சே. தொழுததும் மறுபடி ஒரு தூக்கம் போடாவிட்டால் எனக்குப் பொழுதே விடியாது. ஒன்பது மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு கூண்டைத் திறக்கிறேன், ஐந்து முட்டை! மறுநாள் ஆறு. சொன்னால் அடிப்பாய், எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பார்த்தியாக்கா, என் கையும் கைதான் என்று உன் போட்டோவைப் பார்த்துச் சொன்னேன். அப்பேர்ப்பட்ட நாய்க்குணம் எனக்கு.

பதினெட்டாம் நாளோ என்னவோ, உன் இறப்புச் சான்றிதழுக்காகச் செங்கல்பட்டுக்குப் போகவேண்டியிருந்தது. முதல் பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கே கூண்டைத் திறந்துவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் கூண்டில் ஒரே ஒரு முட்டை. அப்போதுதான் மனசுக்குள் ஏதோ உறுத்தியது.

அந்த வாரமே ஒரு வாத்து நொண்டியது, உள்ளங்காலில் புண். கூடையில் வைத்துத் திருப்போரூர் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். டாக்டரம்மா மருந்து கட்டும்போது முட்டை விஷயத்தையும் கேட்டேன். அவர் சிரித்தே விட்டார்.

"ஏம்மா, வாத்து விடியக்காலையிலதான் போடும். எட்டு, எட்டரைக்குள்ள முடிச்சிடும். அதுக்கு முன்னாடி தொறந்துவுட்டா, போற எடத்துல போட்டுட்டு அதுபாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். இது தெரியாமலா வாத்து வளக்குறீங்க?"

தெரியாமல்தான் அக்கா வளர்த்தோம்! நீ ஒன்பதுக்குத் திறந்ததும் பாத்திரம் கழுவி முடிக்க அவ்வளவு நேரம் ஆனதால்தான், வேறு எந்த ரகசியமும் இல்லை. உன் கைராசி என்று நாம் நினைத்ததெல்லாம் நேரராசி. அது தெரிந்த ஒரே ஆள் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

மறுநாள் ஐந்தரைக்கு வேண்டுமென்றே திறந்துவிட்டு மொட்டை மாடிக்கு ஏறினேன். குட்டைக் கரையில் கோரைப்புல் மறைவு. ஏழும் அங்கே போய்க் குந்தின. கொஞ்ச நேரத்தில் ஹயாத் பாய் வந்தார், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு. புல்லை விலக்கி ஒவ்வொன்றாக எடுத்துத் துண்டில் வைத்தார். ஒவ்வொரு முட்டைக்கும் உதடு அசைந்தது. அல்லா பேரைச் சொல்லி, பிஸ்மியோடுதான் எடுத்தாரா என்று எனக்கு இன்றும் சந்தேகம்.

கீழே இறங்கிக் கத்தியிருக்கலாம். கத்தினால் என்ன சொல்வார்? "என் எடத்துல கெடந்துச்சு, எட்தேன்" என்பார். பெரிய மனுஷர், தெரு அவரைத்தான் நம்பும். என் மாமியார் செத்ததற்கே அழாத நான், அன்றைக்கு மாடியில் உட்கார்ந்து துப்பட்டாவைக் கடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் யோசித்தேன். சும்மா விடக்கூடாது. நீ எந்தத் தெருவில் அசிங்கப்பட்டாயோ, அதே தெருவில், அதே பெண்களுக்கு நடுவில் கேட்கவேண்டும்.

அன்றிலிருந்து மறுபடி ஒன்பது மணி. அவருக்கு ஒரு முட்டை கிடையாது. தினம் விடிகாலையில் வந்து புல்லை விலக்கிப் பார்த்துவிட்டுப் போவார். மாடியிலிருந்து அதைப் பார்ப்பதற்காகவே தூக்கத்தை விட்டேன், தெரியுமா? நன்றாகக் காயட்டும் என்று விட்டேன்.

உன் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு முந்தின மாலை, ஆறு முட்டையை எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் பால்பாயின்ட் பேனாவால் உன் பேரை எழுதினேன். மைமூன், மைமூன் என்று ஆறு தடவை. வேலிச் சந்தில் கையை விட்டு, எழுத்து கீழே இருக்கும்படி கோரைப்புல்லில் வைத்தேன். காலையில் அவர் அள்ளிக்கொண்டு போனதையும் பார்த்தேன்.

பதினோரு மணிக்கு வீடு நிறையப் பெண்கள். ஹயாத் பாய் வீட்டம்மா பல்கீஸும் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் அடுப்பங்கரையிலிருந்து குரல் கொடுத்தேன்.

"பல்கீஸு, முட்டை பத்தலடி. உன் வூட்ல கீதா?"

"கீதே! இரு, எட்தாறேன்" என்று ஓடினாள். கிண்ணத்தில் ஆறு வாத்து முட்டை வந்தது.

"வாத்து முட்டையாச்சே, ஏதுடி இது?"

"எங்கம்மா வூட்லேர்ந்து குட்த்து அனுப்புனாங்க."

நான் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டேன்:

"உங்கம்மா பேரும் மைமூனாடி?"

அந்தக் கிண்ணம் பாயில் உட்கார்ந்திருந்த இருபது பேர் கையிலும் சுற்றி வந்தது அக்கா. எதிர்வீட்டுக்காரி முட்டையில் உன் பேரைப் பார்த்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். பல்கீஸ் செருப்பைக்கூடப் போடாமல் போனாள். இன்றுவரை டீக்கடையில் ஹயாத் பாய் வந்து நின்றால், "பாய்க்கு ஒரு ஆம்லேட்டு" என்று எவனாவது குரல் கொடுக்கிறான். அவர் நம் பள்ளிவாசலை விட்டுவிட்டு, மெயின்ரோட்டுப் பள்ளிக்குத்தான் போகிறார். எனக்குச் சோறு இறங்குகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் போன வாரம் ஹயாத் பாய் நம் வீட்டு வாசலில் வந்து நின்றார். மக்காவுக்கு, உம்ராவுக்குப் போகிறாராம். போகிறவர்கள் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம்தானே. ஆள் பாதியாகிவிட்டார்.

"தப்பு பண்ணிட்டேம்மா. அந்தப் புள்ளை இல்ல, நான் யார்கிட்ட கேப்பேன்? அவ சார்பா நீ மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னாதான் நான் ப்ளேன் ஏறுவேன்."

நான் உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. "போங்க பாய்" என்றேன். அழுதுகொண்டே போனார். என் கோபத்தைத் தெருவே மெச்சியது. ஓர்ப்படிக்காக இப்படி நிற்கிறாளே என்றார்கள்.

கோபத்தால் மட்டும் நான் வாயை மூடிக்கொள்ளவில்லை அக்கா. உன் சார்பாக மன்னிக்க நான் யார்?

நான்கு வாத்தையும் சுத்தம் பண்ணியது நான். முதல் வாத்தைப் பிளந்தேன். உள்ளே ஓடு கட்டிய முழு முட்டை ஒன்று, விடிந்தால் விழுந்திருக்கும். அதற்குப் பின்னால் மஞ்சள் மஞ்சளாகக் கரு, பெரியது, அதைவிடச் சிறியது, பட்டாணி அளவு என்று ஒரு கொத்து. இரண்டாவதிலும் அப்படியே. நான்கிலும் அப்படியே. போடாத வாத்துக்கு வயிற்றில் அது இருக்குமா? எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் பொய். எங்கேயோ போடுகின்றன என்று அந்த நிமிஷமே புரிந்தது.

நீ கதவண்டை வந்து நின்றாய். உள்ளே வந்து பார்க்க உனக்குத் தைரியம் இல்லை.

"உள்ள இன்னா இருந்துச்சு ஜரீனா?"

பதினைந்து வருடம் உன் வாயால் "தள்ளி நில்லு" என்பதைக் கேட்டவள் நான். கைராசிக்காரிக்கு ஒருநாளாவது கை தாழட்டுமே என்று இருந்தது. ஒரே ஒருநாள்தான் நினைத்தேன், சத்தியமாக. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கருவை எல்லாம் தட்டால் மூடினேன்.

"ஒண்ணுமில்லக்கா. வெறும் கொழுப்பு."

"அப்ப பாய் சொன்னது சரிதான்" என்றாய். திரும்பிப் போனாய். அந்தக் கருவைத் தனியாக வதக்கி நான்தான் தின்றேன். நாளைக்கு நாளைக்கு என்று பன்னிரண்டு நாள் போனது.

முட்டையை எடுத்தது அவர். உன் உயிர் இருந்த நம்பிக்கையை எடுத்தது நான். முட்டையில் பேர் எழுதி அவரைத் தெருவில் நிறுத்தினேனே, என்னை எதில் எழுதி யார் நிறுத்துவது? அதனால்தான் இந்தக் கடிதம்.

வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை உன் வருஷ ஃபாத்திஹாவுக்கு அதே பெண்களைக் கூப்பிட்டிருக்கிறேன். பல்கீஸ் வீட்டுக்கு நானே போய் அழைத்துவிட்டு வந்தேன், முன்வரிசையில் உட்காரவேண்டும் என்று சொல்லி. அந்தப் பாயில் நின்று, கதவண்டை நின்று நீ கேட்டதற்கான பதிலை எல்லோர் முன்னாலும் சொல்வேன். பல்கீஸ் சிரிப்பாள், சிரிக்கட்டும். தெரு காறித் துப்பும், துப்பட்டும். உன் கைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரியும்.

ஹயாத் பாயை மன்னிப்பதும் விடுவதும் உன் இஷ்டம். என்னைக் கேட்டால் அவரை விடாதே. என்னையும் விடாதே.

உள்ளே முட்டை இருந்தது அக்கா. நான்கிலும் இருந்தது.

உன் ஓர்ப்படி,
ஜரீனா