கொழும்பில் அடித்த இருபது ரன்

1974 டிசம்பர் 30, திங்கள்

மழை விட்டுவிட்டது. தூத்துக்குடித் துறைமுகத்தில் உரக் கப்பல் ஒன்று நிற்கிறது. நனைந்த மூட்டைகளை யார் தலையில் கட்டுவது என்று மத்தியானம் வரை கத்தல். எனக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

சனிக்கிழமை நாசரேத்தில் என் நிச்சயம். பெண் ஜெயசெல்வி, டீச்சர். ஜெபம், வெற்றிலை மாற்றியது எல்லாம் நன்றாகத்தான் முடிந்தது. பந்தியில்தான் கெட்டது.

என் பக்கத்து இலையில் பெண்ணின் அப்பா தேவபிரசாதம், ரிட்டையர்டான ஹெட்மாஸ்டர். ஜன்னலில் ரேடியோ, கல்கத்தா மேட்ச். எதிர் வரிசையில் ஒரு பெரியவர் சும்மா இருக்காமல், "மாப்பிள்ளைக்கு கிரிக்கெட்னா உயிராமே! உலகத்துலயே பெரிய ஆட்டக்காரன் யாரு, சொல்லுங்க பாப்போம்" என்று ஆரம்பித்தார். சோபர்ஸ் என்றேன். மூன்று விதமாகப் பந்து போடுவான், எங்கே நிறுத்தினாலும் கேட்ச் பிடிப்பான், ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்தவன். இதுக்கு மேலே ஒரு மனுஷன் என்னதான் செய்யணும்?

"பிராட்மன்" என்றார் மாமா. பரீட்சைப் பேப்பரில் சுழிப்பது போல அவ்வளவுதான். பிறகு பந்தி முழுக்கக் கேட்கும்படி, "நான் கண்ணால பார்த்தவன். நாப்பத்தெட்டுல, இங்கிலாந்து போற வழியில அவன் டீமோட கப்பல் கொழும்புல நின்னுச்சு. தூத்துக்குடியிலேர்ந்து தோணி ஏறிப் போனேன், அந்த ஒரு நாள் ஆட்டத்துக்காக. இந்த ஊர்ல வேற எவன் பார்த்திருக்கான்?"

விட்டிருக்கலாம். விட முடிந்ததா எனக்கு? "மாமா, அந்த மேட்ச்ல அவரு அடிச்சது இருபது ரன்னுதான். அந்த இருபதை வச்சுக்கிட்டே இத்தனை வருஷமும் ஓட்டிட்டீங்களே!"

பந்தி முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. ரசம் வருவதற்கு முன்னால் இலையை மூடிவிட்டு எழுந்துபோய்விட்டார்.

உண்மையைத்தானே சொன்னேன்? இருபது இருபதுதானே?

1975 ஜனவரி 1, புதன்

கல்கத்தாவில் ஜெயித்தாயிற்று. சந்தோஷப்படக் கூட விடவில்லை.

புது வருஷ ஆராதனை முடிந்து வந்தால், இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த செல்வதுரை சித்தப்பா வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். "ஏலே கிருபா, என்னத்தல பேசி வச்சிருக்க? அந்த மனுசன் மூணு நாளா யாருகிட்டயும் பேசலியாம். மாப்பிள்ளை வந்து வார்த்தையைத் திரும்ப வாங்கட்டும், இல்லேன்னா ஓலையில பாத்துக்கிடுவோம்ங்காரு."

ஓலையில் பார்த்துக்கொள்வாராம்! மூன்று ஞாயிறு, இரண்டு ஊர்க் கோயிலிலும் எங்கள் பெயரை வாசித்து, இந்த விவாகத்துக்குத் தடை சொல்ல யாராவது உண்டா என்று பாதிரி ஐயர் கேட்பார். மாமா எழுந்து என்ன சொல்வார்? மாப்பிள்ளை பிராட்மனை ஒப்புக்கொள்ளவில்லை என்றா? சபையே சிரிக்கும். ஆனாலும் அந்த மனுஷன் சொல்லக்கூடியவர்தான்.

மன்னிப்புக் கேட்கமாட்டேன். எதுக்குக் கேட்கணும்?

ஜனவரி 5, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். "கிருபாநிதி" என்று என் பெயரைக் கேட்டதும் காது சுட்டது. தடை ஒன்றும் இல்லை, இரண்டு ஊரிலும்.

தடை எனக்குத்தான். மெட்ராஸில் நடக்கப்போகும் அடுத்த டெஸ்டுக்கு வாங்கிய சேப்பாக்கம் டிக்கெட்டை அம்மா பார்த்துவிட்டாள். மெட்ராஸ் ஆபீஸ் நண்பனைப் பிடித்து, எத்தனை தடவை டிரங்க் கால் போட்டு வாங்கியது! லாயிட், ராபர்ட்ஸ், நம்ம விஸ்வநாத் — எல்லாரையும் கண்ணால் பார்க்கப் போகிறேன் என்று துள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரே பிடியாக நிற்கிறாள்.

"ஓலை வாசிச்ச மாப்பிள்ளை ஊர் எல்லை தாண்டப்படாது. இந்தா பக்கத்துல இருக்க புதுக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கால் வச்சே, நான் இந்த வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்."

"எந்த வேதத்துலம்மா இருக்கு?"

"எங்க அம்மை சொல்லியிருக்கா. போதாதா?"

ஞானபாய் என்ற பெயரை வைத்துக்கொண்டு இவள் பேசுகிற ஞானம் இது. அறுபத்தேழில் சோபர்ஸ் மெட்ராஸ் வந்தபோது வேலையில் சேர்ந்த புதுசு, லீவு இல்லை என்றார்கள். தோற்க வேண்டிய மேட்சை அவன் நின்று காப்பாற்றியதை ரேடியோவில்தான் கேட்டேன். இப்போது அவன் ஓய்வும் பெற்றுவிட்டான். இனி ஜென்மத்துக்கும் பார்க்க முடியாது. இதுவும் போகிறது. என்ன பிழைப்பு இது!

ஜனவரி 7, செவ்வாய்

ஜவுளி எடுக்க நாசரேத்துக்காரர்கள் வந்தார்கள். மாமா வரவில்லை.

இரண்டு அம்மாக்களும் கூறைப்பட்டின் நிறத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, ஜெயசெல்வி ஒரு சேலையின் கரையைப் பார்க்கிற சாக்கில் என் பக்கம் வந்து நின்றாள். நிச்சயத்துக்குப் பிறகு இப்போதுதான் அருகில் பார்க்கிறேன். என்ன பேசலாம் என்று நான் யோசிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

"எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"உண்மையைச் சொன்னதுக்கு மன்னிப்பு எதுக்கு?"

"உண்மைதான். இருபது ரன்னுதான். யாரு இல்லேன்னா? ஆனா எங்கப்பாகிட்ட அது ஒண்ணுதான இருக்கு. அதையும் பந்தியில வச்சுப் பிடுங்கணுமா? ஒரே ஒரு தடவையாவது தோக்கத் தெரியுமா உங்களுக்கு?"

"கிரவுண்டுல தோக்கலாம். பேச்சுல எதுக்குத் தோக்கணும்?" என்றேன். பெரிய சாமர்த்தியமாகப் பேசியதாக நினைப்பு!

அவள் முகம் மாறவே இல்லை. "அப்ப சரி. எங்கப்பா எந்திரிப்பாருன்னு பயப்படாதீங்க. அவரு எந்திரிக்க மாட்டாரு. மூணாம் ஓலைக்கு நான் எந்திரிப்பேன். தோக்கவே தெரியாத ஆளோட காலம் பூரா எப்படி இருக்கது?"

சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பி, "எம்மா, இந்த அரக்கே இருக்கட்டும்" என்றாள்.

ஜனவரி 8, புதன்

கல்யாணச் சேலையையும் எடுத்துவிட்டு, கல்யாணத்தை நிறுத்துவேன் என்றும் சொல்கிறாள். இது என்ன கணக்கு? சொன்னதைச் செய்கிறவள் மாதிரிதான் இருக்கிறது. கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவளை எனக்குப் பிடித்திருக்கிறது. நேற்றைக்குப் பிறகு கூடுதலாகப் பிடித்திருக்கிறது, அதுதான் கஷ்டம்.

மன்னிப்பு என்று நாலு தடவை எழுதிப் பார்த்துக் கிழித்தேன். எழுத வரமாட்டேன் என்கிறது. கடைசியில் டிக்கெட்டை ஒரு உறையில் போட்டு, மேலே மாமா பெயரை மட்டும் எழுதி வளனிடம் கொடுத்தேன். ஆபீஸில் என் பக்கத்து நாற்காலிக்காரன். சொந்தத் தோணி வைத்திருக்கும் வீடு. மோட்டார் சைக்கிளும் உண்டு.

"ஏலே, கிறுக்கு புடிச்சிருக்கா? பொண்ணுக்கு மோதிரம் குடுப்பான், சங்கிலி குடுப்பான். மாமனாருக்கு மேட்ச் டிக்கெட் குடுக்கவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தாம்ல" என்றான்.

சாயங்காலம் திரும்பி வந்தான். வாங்கிக்கொண்டாராம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஒரு நன்றி சொன்னால் முத்தா உதிர்ந்துவிடும்?

ஜனவரி 11, சனி

மாமா மெட்ராஸ் போய்விட்டார். அங்கே அவர் தங்கச்சி வீட்டில் தங்குகிறாராம்.

ஆபீஸ் ரேடியோவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தேன். ராபர்ட்ஸ் எமன் மாதிரி போடுகிறான், ஏழு விக்கெட். நம் ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்க, விஸ்வநாத் மட்டும் ஒரு பக்கம் நின்று வெட்டுகிறான். ஐயோ, அந்த ஸ்கொயர் கட்! கமெண்டரிக்காரருக்கே வார்த்தை வரவில்லை. தொண்ணூற்றேழில் நிற்கும்போது கடைசி ஆள் அவுட். மேஜையைக் குத்தினேன், கை வீங்கிவிட்டது.

அது என் இடம். நான் உட்கார வேண்டிய இடம்! அங்கே அவர் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, ஊருக்கு வந்து என்ன சொல்வார்? "பிராட்மன்" என்பார். கொடுத்திருக்கவே கூடாது. மடையன், மடையன்.

ஜனவரி 12, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை இல்லை. அடுத்த ஞாயிறு தெரியும்.

ஜனவரி 15, புதன்

ஜெயித்துவிட்டோம். தெருவில் வெடி போட்டார்கள். நான் வெளியே போகவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

காலையில் ஆபீஸ் வாசலில் பையோடு நிற்கிறார் மாமா. மெட்ராஸ் ரயிலில் இறங்கி, நாசரேத்துக்குப் போகாமல் நேரே துறைமுகத்துக்கு வந்திருக்கிறார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன்.

கடைக்காரர் டீயை வைத்தார். மாமாவின் கை டம்ளருக்கு ஒரு சாண் தள்ளி மேஜையைத் தடவியது. முதலில் எனக்குப் புரியவில்லை. இன்னொரு தடவையும் தடவினார். டம்ளரை எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"பார்த்துட்டியளா?" என்றார். "சரி. பார்த்தது நீங்கன்னா பரவாயில்ல."

கண்ணில் புரையாம். ஒரு வருஷத்துக்கு மேலாகிறதாம். வீட்டில் சொல்லவில்லை. கண்ணாடி சரியில்லை என்று சொல்லிச் சொல்லி ஜெயசெல்வியைப் பேப்பர் வாசிக்க வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"டிக்கெட் வந்ததும் எனக்கு ஒரு நப்பாசை மாப்பிள்ளை. வெயில்ல, வெள்ளைச் சட்டைதான, தெரிஞ்சாலும் தெரியும்னு போனேன். பச்சையா ஒரு தரை. அதுல வெள்ளையா என்னமோ அசையுது. அவ்வளவுதான். பக்கத்துல ஒருத்தர் டிரான்சிஸ்டர் வச்சிருந்தாரு. காதை அங்கன குடுத்துட்டு உக்காந்திருந்தேன். ஊரே எந்திரிச்சுக் கத்துச்சு, நானும் எந்திரிச்சுக் கத்தினேன்."

நான் இங்கே கேட்டதைத்தான் அவர் அங்கேயும் கேட்டிருக்கிறார். ஐந்து நாள் அவரை வைது தீர்த்தேனே!

"கொழும்புல அப்படியில்ல. பந்து மட்டையில எங்க பட்டுச்சுன்னு தெரிஞ்சுது எனக்கு. அவன் கையை மாத்திப் பிடிச்சது தெரிஞ்சுது. இருபது ரன்னுதான். என் ஆயுசுல கண்ணால பார்த்த பெரிய ஆட்டக்காரன் அவன் ஒருத்தன்தான் மாப்பிள்ளை. இனி எவன் வந்தாலும் எனக்குச் சத்தம்தான்."

"அன்னைக்கு நான் பேசினது தப்பு மாமா" என்றேன். நாலு தடவை எழுதிக் கிழித்தது, தானாகவே வந்தது.

"அது டிக்கெட் வந்தன்னைக்கே முடிஞ்சு போச்சு. டீயைக் குடிங்க."

கல்யாணம் முடிகிற வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். கண் தெரியாத அப்பாவை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று மகள் நின்றுவிடுவாளாம். பாளையங்கோட்டையில் கத்தி வைத்துச் சரி செய்கிறார்கள் மாமா, நான் கூட்டிப்போகிறேன் என்றேன். பயமாக இருக்கிறது என்றார். ஹெட்மாஸ்டர்!

நாசரேத் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

மூன்றாம் ஓலை. இங்கே தடை இல்லை. நாசரேத்தில்?

மாமா சமாதானமாகிவிட்டார், சரி. ஆனால் எழுந்திருப்பேன் என்றது அவள். அவளுக்கு நான் என்ன பதில் சொல்லியிருக்கிறேன்? டீக்கடையில் நடந்ததை அவளுக்குச் சொல்லவும் வழியில்லை, வாக்குக் கொடுத்துவிட்டேன். வளன் கத்தோலிக்கன், தன் கோயிலில் அதிகாலைப் பூசையை முடித்துவிட்டு எனக்காக நாசரேத் போயிருந்தான். அவன் வண்டிச் சத்தத்துக்காக புதுக்கோட்டை வரைக்கும் சைக்கிளில் போய், அம்மா சொன்ன எல்லையில் வெயிலில் நின்றேன். மனுஷன் படக்கூடாத பாடு.

"ஒருத்தரும் எந்திரிக்கலல" என்று இறங்கினான். "ஐயர் கேட்டப்ப அந்தப் புள்ள அவுக அப்பாவைப் பாத்துச்சு. அவரு சிரிச்சாரு. புள்ள தலையைக் குனிஞ்சுக்கிடுச்சு. வெளிய வந்து எங்கிட்ட சொல்லுது: அப்பா ஊருக்கு வந்ததுலேர்ந்து மாப்பிள்ளை மாப்பிள்ளைன்னுதான் பேசுதாரு, மெட்ராஸ்ல பார்த்ததைக் கேட்டா மட்டும் பேச்சை மாத்துதாரு, என்ன நடந்துச்சுன்னு உங்க கூட்டாளியைக் கேட்டுக்கிடுதேன்னு."

கேட்பாளாம். என்ன சொல்லப் போகிறேனோ!

ஜனவரி 26, ஞாயிறு

புதன்கிழமை கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அரக்குச் சேலை அவளுக்கு எடுப்பாக இருந்தது. கண் விஷயத்தை மறுநாளே சொன்னேன். "எனக்குத் தெரியும். பேப்பரைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு ஒரு நாள் உக்காந்திருந்தாரு. எங்கிட்டச் சொல்ற வரைக்கும் கேக்கப்படாதுன்னு இருந்தேன்" என்று அழுதாள். வருகிற வாரம் மாமாவைப் பாளையங்கோட்டைக்குக் கூட்டிப்போகிறோம்.

இன்று நாசரேத்தில் மறுவீடு. பம்பாயில் லாயிட் இருநூற்று நாற்பத்திரண்டு அடித்ததைப் பேப்பரிலிருந்து மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒவ்வொரு அடியும் எந்தப் பக்கம் போனது என்று கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்.

பந்தியில் மாமா என் பக்கத்து இலை. எதிரே அதே பெரியவர். அந்த மனுஷனுக்கு வாய் சும்மா இருக்காது போல. "இப்பச் சொல்லுங்க மாப்பிள்ளை, யாரு பெரியவன்? சோபர்ஸா, லாயிடா?"

எல்லோரும் கையை நிறுத்தினார்கள். மாமாவின் கையும் சோற்றில் நின்றது. பரிமாறிக்கொண்டிருந்த ஜெயசெல்வி, வாளியோடு நின்றாள்.

"பிராட்மன்தான்" என்றேன். "கொழும்புல இருபது ரன் அடிச்சாரே, அது ஒண்ணு போதும். மாமா கண்ணால பார்த்திருக்காங்க. நாமெல்லாம் ரேடியோ கேட்டவங்கதான."

இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை. மாமா சோற்றைப் பிசைந்தார். "ஜெயா, ரசம் ஊத்தும்மா" என்றார்.

அவருக்கு ஊற்றிவிட்டு என் இலைக்கு வந்தாள். குனிந்து, "தோக்கத் தெரியுதே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி.

சோபர்ஸ்தான். ஆனால் அதை இனி இங்கே மட்டும்தான் எழுதுவேன்.